பிள்ளைகள் மறுபடி கேட்டுப் போட்டுக்கொள்ளும் உடை

குழந்தைகளுக்குத் தைக்கிறவர்களில் பலர், தைத்து முடித்த உடையைச் சன்னல் வெளிச்சத்தில் மாட்டிப் படம் எடுப்பார்கள். நானும் எடுப்பேன். ஆனால் அந்தப் படத்தை வைத்து உடையை எடைபோடுவதில்லை. அடுத்த வாரமும் அந்தப் பிள்ளை அலமாரியைத் திறந்து அதையே கேட்டால்தான் தையல் தேறியது என்று எடுத்துக்கொள்வேன். படத்தில் அழகாக விழுந்த எத்தனையோ கவுன்கள் ஒரே பிறந்தநாளோடு பெட்டிக்குள் போய்விடுகின்றன. விசாரித்தால் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். கழுத்து இறுக்குகிறது, ஜரிகையின் பின்பக்கம் குத்துகிறது, கையைத் தூக்கினால் சட்டை வயிற்றுக்கு மேலே ஏறுகிறது, முதுகில் ஜிப் இருப்பதால் தானாகப் போட்டுக்கொள்ள முடியவில்லை. பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லத் தெரியாது. "இது வேண்டாம்" என்று மட்டும் சொல்லும்.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனை என் தையல் இயந்திரத்துக்கு என்று ஆகிவிட்டது. மகளுக்காகத் தொடங்கியது அண்ணன் பிள்ளைகள், மாமியாரின் கோயில் தோழிகளுடைய பேத்திகள் என்று விரிந்து, இன நல்லிணக்க நாளும் தீபாவளியும் நெருங்கினால் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் துணி கிடக்கிறது. நான் கடை வைத்தவள் அல்லள். பிள்ளைகளுக்கு மட்டுமே தைப்பதால், பெரியவர்களுக்குத் தைப்பவர்கள் கவலைப்படத் தேவையில்லாத சில விஷயங்களைப் பற்றியே அதிகம் யோசித்திருக்கிறேன்.

முதலில் துணி. இங்கே பகலில் பெரும்பாலும் 31, 32 டிகிரி வெயில், அதோடு காற்றில் எப்போதும் ஈரம். வியர்க்குரு முதலில் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும்தான் எட்டிப் பார்க்கும். ஆகவே மேலே பட்டோ சாட்டினோ நெட்டோ எதுவாக இருந்தாலும், உடம்பைத் தொடும் அடுக்கு மெல்லிய பருத்தியாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. லைனிங்குக்கும் ஜரிகை பார்டருக்கும் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையத்தின் மேல்தளத்துக்குப் போவேன். அங்கேயே தையற்காரர்களிடம் பட்டன் துளைக்கான காஜாவும் எடுத்துக்கொள்ளலாம். பாத்தேக் (மெழுகுச் சாயத் துணி), லேஸ் என்றால் அரபு ஸ்திரீட். பூப்போட்ட சாதாரணப் பருத்தி, எலாஸ்டிக், பட்டன் எல்லாம் சைனாடவுனின் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் கிடைக்கும். எந்தக் கடையிலும் மூலையில் துண்டுத் துணிகளைப் போட்டு வைத்திருக்கும் கூடையை முதலில் கிளறுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கையில்லாத கவுனுக்கு 110 சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒரு மீட்டரே போதும். கடைக்காரருக்குத் தள்ளிவிட வேண்டிய மிச்சம், நமக்கு முழு உடை.

வாங்கியதும் துவைத்துவிட வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கக்கூடும். பெரியவர்கள் சட்டையில் அது தெரியாமல் போகலாம். 60 சென்டிமீட்டர் நீளப் பாவாடையில் 3 சென்டிமீட்டர் போனால், பிள்ளை ஒரு வருடம் வளர்ந்ததற்குச் சமம்.

இனிப் பாவாடை சட்டை. நம் வீடுகளில் அதிகம் தைப்பதும், அதிகம் பெட்டியில் கிடப்பதும் இதுதான். குழந்தைக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது. வயிறுதான் இருக்கிறது, அதுவும் சாப்பாட்டுக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. அதில் நாடா போட்டு இறுக்கிக் கட்டினால் சிவந்து தழும்பு விழும், தளர்த்தினால் பாவாடை இறங்கும். பிள்ளை நாள் முழுதும் ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நிற்கும். இதற்கு நம் பாட்டிமார் காலத்திலேயே வழி கண்டிருக்கிறார்கள். பருத்தியில் கையில்லாத பாடி ஒன்று தைத்து, பாவாடையை அதோடு இணைத்துவிடுவது. பாரம் தோளுக்குப் போய்விடும், இடுப்பில் எதுவும் இறுக்காது. மேலே போடும் சட்டை தனி. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, பாடி பாவாடையோடு விசிறிக்குக் கீழே படுத்துக்கொள்வாள். கடையில் வாங்கும் ஆயத்தப் பாவாடைகளில் இப்போது எலாஸ்டிக்தான் வைக்கிறார்கள். மெல்லிய பாவாடைக்கு அது சரி. பட்டின் பாரத்துக்கும் ஜரிகைக்கரைக்கும் எலாஸ்டிக் தாங்காது.

பழைய பட்டுச் சேலையில் பாவாடை வெட்டும்போது, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பட்டு முதலில் விடுவது மடிப்புக் கோடுகளில்தான், வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்திருந்தால் அந்தக் கோட்டிலேயே இழை நைந்திருக்கும். கொசுவத்தில் காலடியில் உரசிய பகுதியும் அப்படித்தான். இவற்றை ஒதுக்கியும் ஐந்தரை மீட்டர் சேலையில் அக்காள் தங்கை இருவருக்கும் பாவாடை தேறும். கரை கீழே வட்டமாக வர வேண்டும் என்பதால் சேலையின் நீளம்தான் பாவாடையின் சுற்றளவு. ஐந்து வயதுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் விட்டால் நன்றாகச் சுழலும். அதற்கு மேல் விட்டால் படியேறும்போது தடுக்கும். உயரத்தைக் குறைப்பது எப்போதும் மேல்முனையில்தான். கரைப்பக்கம் கத்தரி போகக் கூடாது.

வளர்ச்சிக்கு இடம் விடுவது பற்றி ஒரு கணக்கு. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்கிறார்கள். அதில் இடுப்புக்குக் கீழே சேருவது மூன்று, நான்கு. கரைக்குச் சற்று மேலே உட்புறமாக இரண்டு டக் (மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்து, ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் ஆழம் வைத்தால், ஒரு டக் 4 சென்டிமீட்டர் துணியை விழுங்கும். இரண்டிலும் சேர்த்து 8. ஆக இரண்டு தீபாவளிக்குப் பாவாடை தாங்கும், வருடத்துக்கு ஒரு டக்காகப் பிரித்துவிடலாம். டக்கைத் தைக்கும்போது தையல் நீளத்தை 4 மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படித் தைத்தால் பின்னர் ஒரே இழுப்பில் நூல் வந்துவிடும். பட்டில் ஊசித்துளை தெரியும் என்பதால் மெல்லிய 70ஆம் எண் ஊசிதான். பிரித்த பிறகு துளை தெரிந்தால், ஈர ஆவி காட்டி நகத்தால் இரு பக்கமும் மெல்லத் தடவினால் இழைகள் பெருமளவு கூடிவிடும். சட்டைக்கோ பக்கத் தையலில் உள்ளே 2 சென்டிமீட்டர் விட்டாலே போதும், பிள்ளைகள் அகலத்தில் மெதுவாகத்தான் வளர்கிறார்கள்.

அகலம் வளராவிட்டாலும் கை தூக்குவதை யாரும் நிறுத்த முடியாது. சட்டையில் எனக்குப் பெரிய பாடம் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தளத்திலேயே குடியிருக்கும் மலாய் மக்சிக் (அத்தை, பெரியம்மா மாதிரி அழைக்கும் சொல்). ஹரி ராயா பெருநாளுக்குப் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் மலாய்க்காரர்களின் தளர்வான நீளச் சட்டையான பாஜு கூரோங்கைத் தானே தைப்பார். நான் தைத்த பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் மகள் தாழ்வாரத்தில் குதித்துக்கொண்டிருந்தபோது, அவளைக் கூப்பிட்டு, "கையை மேலே தூக்கு" என்றார். சட்டை முழுக்க மேலே ஏறியது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தன் பேத்தியின் பாஜுவைக் கொண்டுவந்து அக்குளைப் பிரித்துக் காட்டினார். கையும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு சதுரத் துண்டு. மலாய்க்காரர்கள் அதைக் கெக்கெக் என்கிறார்கள். அந்தத் துண்டு கை தூக்கும்போது விரிகிறது, கை தாழும்போது மடிந்து மறைகிறது. சட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதன் பிறகு நான் தைக்கும் கை வைத்த சட்டைகள் எல்லாவற்றிலும் அந்தத் துண்டு உண்டு. ஐந்து வயதுக்கு 9 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுவேன், நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தையலில் போனால் 7 நிற்கும். ஒரு முனை கைப்பக்கம், எதிர்முனை இடுப்புப்பக்கம், மற்ற இரண்டும் முன்னும் பின்னும் கை இணைந்த தையலின் முடிவில். மூலைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே தையலை நிறுத்திப் பின்னடித்து, துணியைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். ஓட்டமாகத் தைத்தால் மூலையில் சுருக்கம் விழும். பட்டுச் சட்டைக்கு இந்தத் துண்டை மட்டும் அதே நிறப் பருத்தியில் வையுங்கள். வியர்வைக் கறை பட்டில் படியாது, பிள்ளைக்கும் குளிர்ச்சி.

பாஜு கூரோங்கிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன், கழுத்து. காலர் இல்லாத வட்டக் கழுத்து, முன்னால் சின்னப் பிளவு, மேலே ஒரே பட்டன். தெலுக் பெலாங்கா வகை என்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கழுத்துச் சுற்றளவு 28 சென்டிமீட்டர் இருந்தால் தலைச் சுற்றளவு 51 இருக்கும். தலையை நுழைக்கத் திறப்பு வேண்டும், நுழைந்தபின் கழுத்து தோளில் நழுவக் கூடாது. இதற்குத்தான் பலர் முதுகில் ஜிப்போ ஹூக்கோ வைக்கிறார்கள். முன்பிளவு வைத்தால் பிள்ளையே போட்டுக்கொள்ளும், பட்டனையும் தானே மாட்டும். ஒரு பிள்ளை தன் உடையைத் தானே போட்டுக்கொள்ள முடிந்தால், அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இரட்டிப்பு. இது என் அலமாரிக் கணக்கு, யாரும் ஆய்வு செய்து சொன்னதில்லை.

பை. பெண் குழந்தைகளின் உடையில் பை வைக்காதவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பக்கத் தையலில் உள்ளங்கை அளவு பை வைத்தால் 15 நிமிடம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். பாவாடையிலும் வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஜரிகையைப் பார்க்கவேயில்லை. பை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் நன்றி சொன்னாள்.

பாதுகாப்பில் நான் யாருக்காகவும் இறங்கி வராத இடங்கள் இரண்டு. ஒன்று, கழுத்துக் கயிறு. ஐரோப்பாவின் இஎன் 14682 தரவிதி ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடையில் கழுத்துப் பகுதியிலும் தலைமூடியிலும் கயிறு, நாடா வைப்பதையே தடுக்கிறது. விளையாட்டுத் திடலின் சறுக்குமரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும் என்பதே காரணம். நம் சட்டைகளில் முதுகில் குஞ்சம் தொங்கவிட்டுக் கட்டுவது பார்க்க அழகுதான். அதே அழகு வேண்டுமென்றால், மூடியே இருக்கும் கழுத்தின்மேல் குஞ்சத்தைக் குட்டையாகத் தைத்துவிடலாம், முடிச்சாகக் கட்ட விட வேண்டாம். மற்றொன்று, வாய்க்குள் போகும் பொருள்கள். மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. நாம் தைக்கும் பட்டன், முத்து, மணி எல்லாமே அதற்குள் அடங்கும். கைக்குழந்தையின் ஜப்லாவுக்கு ஓரத்தில் துணி நாடா போதும், தலைமாலைக்கு முத்து வேண்டாம், பூ வேலையை நூலிலேயே செய்துவிடலாம். பெரிய பிள்ளைகளுக்குப் பட்டன் வைக்கும்போது உட்புறம் ஒரு சிறு துணித்துண்டு வைத்துச் சேர்த்துத் தையுங்கள், இல்லாவிட்டால் இழுத்த இழுப்பில் துணியோடு பிய்ந்து வரும்.

பிசிறைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓவர்லாக் இயந்திரம் இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். குழந்தை உடைக்கு அது இல்லாமலிருப்பதே நல்லது என்பேன், ஓவர்லாக் நூல் முனைகள்தான் பல நேரம் குத்துகின்றன. மெல்லிய துணியில் முதலில் நல்ல பக்கங்கள் வெளியே தெரியும்படி வைத்து அரை சென்டிமீட்டரில் ஒரு தையல், பிசிறை ஒட்ட வெட்டிவிட்டுத் திருப்பி, உட்புறமிருந்து முக்கால் சென்டிமீட்டரில் இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே மாட்டிக்கொள்ளும், தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் குறுக்கு வாட்டில், 45 பாகையில் வெட்டிய கிராஸ் பட்டி.

இயந்திரம் எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் நீளமாகப் பதில் சொல்வதில்லை. நேர்த்தையல், வளைதையல் (ஜிக்ஜாக்), காஜா மூன்றும் வந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் இங்கே மின்சாரம் 230 வோல்ட் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜப்பானில் வாங்கியது 100 வோல்ட்டுக்கு உரியது. இயந்திரத்துக்குக் கீழே ரப்பர் விரிப்பின் துண்டு ஒன்று போட்டால் கீழ்வீட்டாருக்கு அதிர்வு குறையும். குண்டூசி, ஹூக் எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், இந்த ஈரத்தில் துருப்பிடித்த ஹூக் வெள்ளைச் சட்டையில் விட்டுச்செல்லும் கறை எளிதில் போகாது. மாதிரி வெட்டுகளுக்குப் புத்தகம் வேண்டுமென்றால் பொது நூலகத்தில் 646.4 என்ற எண்ணுள்ள அடுக்கைத் தேடுங்கள், கைவினைக்கு 745.5.

இனி மிச்சத் துண்டுகள். பிள்ளைகளுக்கு நான் தைத்துக்கொடுத்ததில் கவுன்களைவிட அதிகம் புழங்கியது ஐந்து கல்தான். நம் ஊர்ப் பக்கம் கூழாங்கல்லை வைத்து ஆடிய ஐந்தாங்கல்லை, சிங்கப்பூரில் துணியில் தைத்த முக்கோணப் பைகளை வைத்து ஆடுகிறார்கள். தைப்பது எளிது. 5 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டை நீளவாட்டில் பாதியாக 4 சென்டிமீட்டருக்கு மடித்து, இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் உள்ளே தைத்துத் திருப்பினால் சின்னப் பை. அதை நிரப்பிவிட்டு, வாயை மூடும்போது பக்கத் தையல்கள் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும்படி வாயைக் குறுக்கே திருப்பி மூட வேண்டும். அப்போது நான்கு முக முக்கோணம் தானாக எழும். பிள்ளைகள் இந்த இடத்தில் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

அரிசி நிரப்பினால் இங்கே சில மாதங்களில் வண்டு வந்துவிடும், வாணலியில் வறுத்து ஆறவைத்த பாசிப்பயறு கூடுதல் நாள் தாங்கும். முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் புறங்கையில் நிற்காமல் உருண்டுவிடும். மரத்தடியில் பொறுக்கும் சாகா விதையையும் நிரப்புவதுண்டு, நாம் ஆனைக்குன்றிமணி என்பது. அதையும் கறுப்புப் புள்ளியுள்ள சின்னக் குன்றிமணியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், பின்னது கடும் விஷம். எதுவானாலும் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் இரட்டைத் தையல் போட்டு, ஆடி முடித்ததும் உயரத்தில் வையுங்கள்.

பள்ளி விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தைக்கப் பழக வருவார்கள். ஐந்தாறு வயதுக்குச் சாக்குத் துணியும் முனை மழுங்கிய பெரிய ஊசியும். எட்டு வயதுக்கு மேல் மேலே சொன்ன ஐந்து கல். பத்து வயதுக்காரிகளுக்கு அறுகோண ஒட்டுவேலை சொல்லிக்கொடுப்பேன். பழைய கடித உறையை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து ஓடுதையலில் பிடித்து, பக்கத்துக்குப் பக்கம் இணைத்துக்கொண்டே போவது. இரண்டாம் உலகப்போரில் இங்குள்ள சாங்கிச் சிறையில் ஜப்பானியரால் அடைக்கப்பட்டிருந்த சிறுமியர், தங்கள் சாரணியர் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்காக, கிடைத்த கந்தல்களை இப்படித்தான் அறுகோணங்களாக்கிப் போர்வை தைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் 1942இல் அங்கிருந்த பெண்கள் 66 சதுரங்கள் கொண்ட போர்வைகளைத் தைத்தார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "ஊசி எங்கிருந்து கிடைத்தது?" ஊசியை மதிக்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. வகுப்புக்கு முன்னும் பின்னும் ஊசிகளை எண்ணுவோம். ஒடிந்தால் இரண்டு துண்டும் கைக்கு வரும்வரை யாரும் எழக் கூடாது. ஆடைத் தொழிற்சாலைகளிலும் இந்த விதி உண்டு.

விற்பனைக்குத் தைக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வீவக வீட்டில் சிறு அளவில் தைத்துக்கொடுக்கத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் வெளியே பலகை மாட்டக் கூடாது, வீட்டில் குடியிருக்காத ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது. சார்ந்திருப்போர் அட்டையில் (இங்கே வேலை செய்பவரின் குடும்பத்தாருக்கான அனுமதி) வந்தவர்கள் காசு வாங்குவதற்கு முன் மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்துவிட வேண்டும். அவர்களுக்கு அது வேறு கதை. விலை சொல்லும்போது துணிக்காசை மட்டும் சொல்லாதீர்கள். வெட்டும் நேரம், காஜாவுக்குத் தேக்கா போய்வரும் நேரம் எல்லாம் சேர்த்துத்தான் கூலி.

ஆர்டரில் தலைவலி தருவது ஜூலை. 1964 இனக் கலவரத்தை நினைவுகூர்ந்து ஜூலை 21 இன நல்லிணக்க நாள், பள்ளிகளில் பிள்ளைகள் பாரம்பரிய உடையில் போவார்கள். பள்ளியிலிருந்து குறிப்பு வந்த மறுநாள் கைப்பேசி நிற்காது. தமிழ்ப் பிள்ளைக்குச் சீனர்களின் சியோங்சாம் கவுன் வேண்டும், சீனப் பிள்ளைக்குப் பாவாடை சட்டை வேண்டும். எனக்கும் அது பிடித்த வேலைதான், சியோங்சாமின் துணி முடிச்சுப் பட்டன்களுக்குக் கீழே அழுத்துப் பட்டன் ஒளித்துவைப்பது போன்ற தந்திரங்கள் அப்போதுதான் வரும். அளவை நானே எடுத்தால்தான் ஆர்டர். "ஆறு வயது, கொஞ்சம் ஒல்லி" என்பதை அளவாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளையையும் கூட்டிவரச் சொல்வேன். கையைத் தூக்கச் சொல்வேன், குந்தச் சொல்வேன், அதன் பிறகே அளவு நாடா. ஜூன் விடுமுறை முடிந்த பிறகு புதிதாக எதையும் எடுப்பதில்லை. "சின்னப் பாவாடைதானே அக்கா, அரை மணி நேர வேலை" என்று தொடங்குகிறவர்களிடம் எங்கள் வீட்டு இயந்திரம் சும்மாதான் இருக்கிறது, வந்து அந்த அரை மணி நேரத்தை உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். அப்படி வந்து உட்கார்ந்த ஒருவர் இப்போது எனக்குக் கிராஸ் பட்டி வெட்டித் தருகிறார்.